இழைப்பு மெஷின் விற்பனைக்கு

உள்ள வாங்க தம்பி. செருப்பைக் கழட்ட வேண்டாம், ஷெட்டுக்குத்தான போறோம். வண்டியை மட்டும் கேட்டுக்கு நேரா நிறுத்தாம அந்த வேப்ப மரத்துக்கு அந்தாண்ட தள்ளி நிறுத்திட்டு வந்துருங்க. காரணம் இருக்குங்க. சொல்றேன்.

சோமனூர்லிருந்து பேசுனது நீங்கதான? வீட்டோட சின்னதா ஒரு தச்சுப்பட்டறை போடறேன்னு சொன்னீங்க. எங்க, ரெண்டு கையையும் நீட்டுங்க பாக்கலாம். சிரிக்காதீங்க, சும்மா நீட்டுங்க. ம். பத்தும் இருக்குது. பழக்கமுங்க. இருபத்தேழு வருஷம் ஆபரேஷன் தியேட்டர்ல நர்ஸா இருந்தேன். அதுவும் கை ஆபரேஷன். புதுசா ஒருத்தர் வந்தா மூஞ்சியைப் பாக்கறதுக்கு முன்னாடி எனக்குக் கண்ணு விரலுக்குத்தான் போகும்.

இதுதானுங்க மெஷின். எட்டு இஞ்ச். அவ்வளவு அகலப் பலகை போடலாம். முழுக்க வார்ப்பு இரும்பு. முன்னும் பின்னும் மேடை சேத்து ஆறடி நீளம். இறக்கறதுக்குச் செயின் பிளாக் கட்டி, நாலு ஆளு சேந்து புடிச்சாங்க. ஆவணியிலதான் வந்துச்சு, நாலு மாசங்கூட ஆகல. தொட்டுப் பாருங்க, கண்ணாடியாட்டம் இருக்கும். எங்கூட்டுக்காரரு தெனமும் எண்ணெய் போட்டுத் தொடைக்கறாரு.

இவ்வளவு நல்லா வெச்சிருக்கறதை ஏன் விக்கறீங்கன்னு கேக்கறீங்க. கேப்பீங்கன்னு தெரியும். வெலைய ரொம்பக் கொறச்சுச் சொன்னதுல உங்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். மெஷின்ல ஒரு கோளாறும் இல்லீங்க. எங்கூட்டுக்காரருக்கு இதை விக்கற விஷயம் தெரியாது. அவ்வளவுதான். மேட்டுப்பாளையம் ரோட்டுல மர டிப்போவுக்குப் போயிருக்காரு. போனா ஒரு மணிக்கு முன்ன வரமாட்டாரு. அதனாலதான் பத்தரைக்கு வாங்கன்னு உங்ககிட்ட அடிச்சுச் சொன்னேன்.

எந்திரிக்காதீங்க, உக்காருங்க. திருட்டுப் பொருளா என்ன? கேட்டுட்டு அப்பறம் முடிவு பண்ணுங்க. நீங்களும் ஆறு இஞ்சா எட்டு இஞ்சான்னு கொழம்பிக்கிட்டிருக்கறதாச் சொன்னீங்கல்ல. அதுலதானுங்க எங்க வீட்டுல ஒரு வருஷம் போச்சு.

எங்கூட்டுக்காரரு பேரு குப்புராஜு. பம்ப் கம்பெனியில இன்ஸ்பெக்சன்ல இருந்தாரு, முப்பத்திரண்டு வருஷம். அடுத்தவங்க செஞ்ச பொருளை அளந்து பாத்து, சரியில்லைன்னா செவப்புப் பெயிண்ட்ல ஒரு பெருக்கல் குறி போடற வேலை. ரிட்டயரான மறு வாரமே சொன்னாரு, "அம்மிணி, இத்தனை வருஷம் ஊரான் செஞ்சதைக் கொறை சொல்லிட்டேன். இனி நானா ஒண்ணு செய்யோணும்"னு. காரை வித்தோம். கார் நின்ன ஷெட்டு பட்டறை ஆயிருச்சு. ரம்பம், துளை போடற மெஷின் எல்லாம் ஒண்ணொண்ணா வந்துச்சு. நான் ஒண்ணுஞ் சொல்லல. வீட்டுல சும்மா உக்காந்து என்ரகிட்ட உப்பு சரியில்லை புளி சரியில்லைன்னு பெருக்கல் குறி போடறதுக்கு இது தேவலைன்னு விட்டுட்டேன்.

இந்த இழைப்பு மெஷின்லதான் எனக்கு ஒதறல் எடுத்துச்சு. உங்களுக்குத் தெரியாதது இல்ல. நடுவால உருளை. உருளையில மூணு பிளேடு. பலகையை மேல வெச்சு நம்ம கையாலயே அமுத்தித் தள்ளோணும். ரம்பத்துல வெட்டுப்பட்டா துண்டாவது கெடைக்கும் தம்பி. ஐஸுல வெச்சுக் கொண்டு வந்தா ஒட்ட வெச்சிருவாங்க, நான் எத்தனையோ பாத்திருக்கேன், ஒட்டுன விரல்ல மோதிரம் போட்டுக்கிட்டு பத்திரிகை வெக்க வந்திருக்காங்க. இதுல போச்சுன்னா சுருள் சுருளா மரத்தூளோட போயிரும். ஒட்டறதுக்கு ஒண்ணும் இருக்காது. இதை அவருகிட்டச் சொன்னேனான்னு கேக்கறீங்களா? எதுக்குச் சொல்லோணும்? அவருக்குத் தெரியாதா?

ரெண்டு மெஷின் பாத்து வெச்சிருந்தாரு. ஒண்ணு புதுசு, ஆறு இஞ்ச். மேசை மேல வெக்கறது. நானே தூக்கி எடத்தை மாத்திருவேன், அவ்வளவு லேசு. மேடை ரெண்டரை அடி. பிளேடு மேல ஸ்பிரிங் போட்ட மூடி, பலகையைத் தள்ளுனா ஒதுங்கும், பலகை போனதும் தானா வந்து மூடிக்கும். இன்னொண்ணுதான் இது. துடியலூர்ல பவுலோஸ்னு ஒருத்தரு, கோட்டயத்துக்காரரு, பர்னிச்சர் பட்டறை வெச்சிருந்தாரு. மகங்கிட்டப் போறதுக்காகப் பட்டறையை மூடறதா இருந்தாரு.

என்னையும் கூட்டிக்கிட்டுப் போனாரு பாக்கறதுக்கு. நான் முதல்ல பாத்தது பவுலோஸ் கையைத்தான். எழுவது வயசு, பத்து விரலும் இருந்துச்சு. ஆனா மெஷின்ல மூடியைக் காணோம். எங்கன்னு கேட்டேன். செவுத்துல ஆணியில மாட்டி வெச்சிருந்தாரு! "இடைஞ்சலா இருக்கும் சேச்சி, வேணும்னா மாட்டிக்கலாம்"னாரு. மூடி இல்லாம அது ஓடறதை நீங்களே நெனச்சுப் பாருங்க. இவரோ அதெல்லாம் கண்ணுலயே படாம, கையில கொண்டு போன இரும்பு மட்டத்தை மேடை மேல வெச்சு, அடியில பேப்பர் நுழையுதா பேப்பர் நுழையுதான்னு பாத்துக்கிட்டிருக்காரு. நுழையல, மேடை அவ்வளவு நெரவு. கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க வந்தப்பக்கூட என்னை அப்படிப் பாக்கலீங்க.

வர்ற வழியெல்லாம் ஒரே பேச்சு. "நீளம்தான் அம்மிணி முக்கியம். மேடை நீளமா இருந்தாத்தான் பலகை ஆடாம உக்காரும். சின்னதுல நீளப் பலகை போட்டா தலை தொங்கிரும்"னாரு. நான், மூடி இல்லையேன்னேன். மாட்டிக்கலாம்னு சொன்னாரேன்னாரு. அது ராட்சசனாட்டம் இருக்குதுன்னேன். எடைதான் நல்லதுன்னாரு. பேசி ஆகாதுன்னு தெரிஞ்சு போச்சு.

மறுநா காத்தால அவரு நடக்கப் போனப்ப பவுலோஸுக்கு நானே போன் போட்டேன். "எங்கூட்டுக்காரருக்கு வலிப்பு வரும், மாத்திரையிலதான் ஓடுது, வெளிய சொல்லிக்க மாட்டாரு, நீங்க மெஷினைக் குடுத்து ஏதாச்சும் ஆயிருச்சுன்னா அந்தப் பாவம் உங்களுக்கு வேண்டாம்"னு சொன்னேன்.

இல்லீங்க. வலிப்பெல்லாம் கெடையாது. அவருக்குத் தலைவலிகூட வந்ததில்ல.

அப்படிப் பாக்காதீங்க தம்பி. உங்க அம்மாவா இருந்தாலும் இதைத்தான் செஞ்சிருப்பாங்க. அந்த மனுசன் பயந்துட்டாரு. வேற ஆளுக்கு வாக்குக் குடுத்துட்டேன்னு இவருகிட்டச் சொல்லிட்டாரு. இவரு ரெண்டு நா சோறே சரியாத் திங்கல. நாந்தான், "போனாப் போகுது விடுங்க, ஆறு இஞ்ச் போதாதா, நம்ம என்ன பேக்டரியா வெக்கறோம்"னு சொல்லிச் சொல்லித் தேத்தி, கடைக்குக் கூட்டிட்டுப் போயி அந்தப் புதுசை வாங்க வெச்சேன். தை மாசம். பில் போடறதுக்கு முன்னாடி மூடியை நானே தள்ளித் தள்ளிப் பாத்தேன். டப்பு டப்புன்னு வந்து மூடுச்சு. அன்னிக்குத்தான் நான் நல்லாத் தூங்குனேன்.

அவருக்கு ஒரே ஒரு கண்டிசன் போட்டேன். உங்க ஆசைக்கு வாங்கியாச்சு, ஆனா அது ஓடறப்ப நான் ஷெட்டுக்குள்ள கால் வெக்க மாட்டேன், எதுக்கும் கூப்பிடக் கூடாதுன்னு. சரின்னாரு.

நாலு மாசம் ஒண்ணும் ஆகலீங்க. படத்துக்குச் சட்டம் செஞ்சாரு, அஞ்சறைப் பெட்டி செஞ்சாரு, பக்கத்து வீட்டு டீச்சருக்குப் புத்தகம் வெக்கற தட்டு செஞ்சாரு. எல்லாம் சின்னச் சின்னது. பாத்தீங்களா, நான் சொன்னது சரிதானன்னு நெனச்சுக்குவேன்.

அப்பறம் கட்டில் செய்யறேன்னு ஆரம்பிச்சாரு. தியேட்டர்ல நின்னு நின்னு எனக்கு முழங்கால் தேஞ்சு போச்சு. தாழ்வான கட்டில்ல உக்காந்தா எந்திரிக்க முடியாது, செவுத்தைப் புடிக்கோணும். கடைக் கட்டிலெல்லாம் ஒரே ஒசரம், உன் காலுக்கு அளவெடுத்துச் செய்யறேன்னு சொல்லி, என்னை நாற்காலியில உக்கார வெச்சு முழங்காலுக்குக் கீழ டேப்பு புடிச்சாரு. தேக்கு வந்து எறங்குச்சு. கட்டிலோட பக்கச் சட்டம் ரெண்டு, ஆறரை அடி நீளம்.

வைகாசி. செவ்வாக்கெழமை. பதினொரு மணி இருக்கும். நான் சமையல்கட்டு வாசப்படியில உக்காந்து முருங்கைக்கீரை ஆஞ்சுக்கிட்டிருக்கேன். இங்கிருந்து அங்க பதினஞ்சு அடிதான். அவரு கூப்பிட்டாரு. "அம்மிணி, இந்த முனையைக் கொஞ்சம் தாங்கிப் புடி. ரெண்டே நிமிசம்."

கீரை ஆயற வேலை கையில இருக்குதுங்களே. எந்திரிச்சா மறுபடி உக்கார முடியாது, முழங்கால் வேற. நாந்தான் முன்னாடியே கண்டிசன் போட்டிருக்கேன். "வரமாட்டேன்னு சொல்லியிருக்கேன்ல"ன்னு அங்கிருந்தே சொன்னேன். மறுபடி ஒருக்காக் கூப்பிட்டாரு. பக்கத்துல ஸ்டூலை வெச்சு முட்டுக் குடுத்துக்குங்கன்னேன். அதுக்கப்பறம் மெஷின் சத்தம் வந்துருச்சு.

பலகை உள்ள போனா ஒரு சத்தம் வரும் பாருங்க, அது ஒரே சீரா வரும். அன்னிக்கு அது பாதி வரைக்கும் சீரா வந்துச்சு. அப்பறம் தடதடன்னு ஒதறுச்சு. பலகை கீழ விழுந்த சத்தம். அப்பறம் மெஷின் மெதுவா அடங்குச்சு. நான் கீரைத் தட்டைக் கீழ வெச்சேன். என்ன ஆச்சுன்னு யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்ல.

சட்டம் பாதிக்கு மேல போனதும் முன் பக்கம் தொங்கி, பின் பக்கம் மேல எந்திரிச்சிருக்கு. எந்திரிக்காம இருக்கறதுக்கு இவரு இடது கையால அமுத்தியிருக்காரு. மெஷின் லேசு. மேசையோட சேந்து நகந்திருக்கு. பலகை நழுவிக் குதிச்சிருக்கு. அந்த மூடி திரும்பி வர்றதுக்குள்ள கை அங்க வந்துருச்சு. நடு விரல், மோதிர விரல். முதல் கணு வரைக்கும் போயிருச்சு.

ஷெட்டு வாசல்ல நிக்கறாரு. கையைச் சட்டையோட சுருட்டி நெஞ்சோட வெச்சிருக்காரு. கத்தல. "அம்மிணி, நீ பாக்காத"ங்கறாரு. என்னைப் பாத்து! நான் பாக்காத கையா? துண்டைக் கிழிச்சு அழுத்திக் கட்டி, கையைத் தூக்கிப் புடிக்க வெச்சு, டீச்சர் வீட்டுப் பையனை ஆட்டோவுக்கு ஓட வெச்சு, எல்லாம் செஞ்சேன். ஆட்டோவுல போறப்ப அவரு சொன்னது ஒண்ணே ஒண்ணு, "சுவிட்சை ஆஃப் பண்ணிட்டேன்"னு. அதுவும் எனக்காகத்தான் சொன்னாரு போல.

நான் வேலை பாத்த ஆஸ்பத்திரிதான். டாக்டர் புதுசு, சின்னப் பொண்ணு. கட்டைப் பிரிச்சுப் பாத்துட்டு, "சிஸ்டர், விரல் துண்டு கொண்டு வந்திருக்கீங்களா?"ன்னு கேட்டுச்சு. இந்தக் கேள்வியை நான் எத்தனை பேருகிட்டக் கேட்டிருப்பேன். இல்லைன்னு சொல்றவங்க மேல எனக்குக் கோவங்கூட வரும், ஏன் தேடலைன்னு. அன்னிக்கு நான் இல்லைன்னு தலையாட்டிட்டு நின்னேன்.

பத்து நா கழிச்சுப் பவுலோஸ் வந்தாரு பாக்க. அவரு இன்னும் ஊருக்குப் போகல. கையில ஆரஞ்சுப் பழம். நான் காபி போட உள்ள போயிருக்கேன். பேச்சு காதுல விழுது. "வலிப்பு வந்துதான் இப்படி ஆச்சா சாரே? ஓடிக்கிட்டிருக்கறப்பவா வந்துச்சு?"ன்னு கேக்கறாரு.

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழியுது. நான் நிக்கறேன்.

"எனக்கா? எனக்கு எப்ப வலிப்பு வந்துச்சு?"ன்னு இவரு கேக்கறாரு. பவுலோஸ் சமையல்கட்டுப் பக்கம் திரும்பிப் பாக்கறாரு. இவரும் பாக்கறாரு. நான் காபி டம்ளரோட வந்து நடுவுல நிக்கறேன். பவுலோஸ் காபியைக் குடிக்கவே இல்ல. போறப்ப வாசல்ல நின்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சொன்னாரு, "என்ட மெஷின்ல அந்தப் பலகை தொங்காம மேடை மேல உக்காந்திருக்கும் சேச்சி."

அதை அவரு சொல்லியிருக்கக் கூடாது. சொல்லலாமுங்களா? அடிபட்ட வீட்டுல வந்து சொல்ற பேச்சா அது? பெருசுல போட்டிருந்தா கையே போயிருக்கும்னு நான் சொன்னா அவரால இல்லைன்னு சொல்ல முடியுமா?

எங்கூட்டுக்காரரு ஒம்பது நா என்னோட பேசல. சண்டை போட்டிருந்தாத் தேவலை. போட்டதைத் திம்பாரு, தட்டை ஒத்தைக் கையால கழுவி வெப்பாரு, போயிருவாரு. ஒம்பதாம் நா நானே கேட்டுட்டேன். "இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி? உங்க நல்லதுக்குத்தான செஞ்சேன்?"

அவரு சொன்னாரு, "கம்பெனியில ஒரு பொருளை ரிஜெக்ட் பண்ணுனா காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போடோணும் அம்மிணி. இல்லைன்னா செஞ்சவன் எப்படித் திருத்துவான்? நீ காரணமே சொல்லாம என்னை ரிஜெக்ட் பண்ணிட்ட."

அவ்வளவுதான் சொன்னாரு. கட்டுப் பிரிச்ச அன்னிக்கு ஷெட்டுக்குப் போயி அந்தச் சின்ன மெஷின் மேல செவப்புப் பெயிண்ட்ல பெருக்கல் குறி போட்டாரு. அதா, மூலையில சாக்குப் போட்டு மூடியிருக்குது. மெஷின் மேல தப்பில்ல, நீளப் பலகையை அதுல போட்டது என் தப்பு, ஆனா இன்னொருத்தனும் அதே தப்பைச் செய்வான், யாருக்கும் விக்க மாட்டேன்னுட்டாரு. ஆவணி பொறந்ததும் பவுலோஸ்கிட்டப் போயி இதை வாங்கிட்டு வந்துட்டாரு. மூடியோடதான். முதல் நாளே மாட்டிட்டாரு.

என்னைக் கூப்பிடவே இல்லீங்க. மீதிச் சட்டத்தை இழைக்காம செவுத்தோரம் சாத்தி வெச்சிருந்தாரு. ஒரு மாசம் அப்படியே நின்னுச்சு. தெனமும் அதைத் தாண்டித்தான் துணி காயப் போடப் போவேன். ஒரு நா என்னாலயே தாங்காம உள்ள போயி, "போடுங்க, நான் முனையைப் புடிக்கறேன்"னேன். எங்க நிக்கோணும், எப்படிப் புடிக்கோணும், இழுக்கக் கூடாது தாங்க மட்டும் செய்யோணும்னு சொல்லிக் குடுத்தாரு. நல்லாத்தான் வந்துச்சு. ஆடவே இல்ல. கட்டில் உள்ள இருக்கு, வேணும்னா காட்டறேன். செவுத்தைப் புடிக்காம எந்திரிக்கறேன் தம்பி.

அப்பறமும் ஏன் விக்கறேன்னா, அந்த இடது கை. ரெண்டு விரல் கட்டையாயிருச்சுங்களா, பலகை மேல வெக்கறப்ப புடிமானம் இல்ல. அவரு இருக்குதுங்கறாரு. எனக்குத் தெரியும், இல்ல. நான் முனையில நின்னுக்கிட்டு பலகையையா பாக்கறேன்? அந்தக் கையையே பாத்துக்கிட்டு நிக்கறேன். வாரத்துக்கு நாலு நா. அவரு பாட்டுக்குச் சீட்டி அடிச்சுக்கிட்டுத் தள்ளறாரு. மூணு தடவை கூப்பிட்டாரு தம்பி அன்னிக்கு. ரெண்டு தடவைன்னு சொன்னேனா? மூணு. மூணாந்தடவை, "சரி விடு, நானே பாத்துக்கறேன்"னாரு. அதுவும் கூப்பிட்டதுதான?

அதனால இந்த மெஷின் இங்க இருக்கக் கூடாது. நீங்க வண்டி கொண்டு வந்து ஏத்திட்டுப் போயிருங்க. மத்ததை நான் பாத்துக்கறேன். கத்துவாரு. கத்தட்டும். இன்னொரு ஒம்பது நா பேசாம இருக்கட்டும், எனக்குப் பழக்கந்தான். விரல் இருக்குமில்ல?

இருங்க. அது அவரு ஸ்கூட்டர் சத்தமாட்டம் இருக்கு.

மணி பதினொண்ணரைகூட ஆகல. டிப்போவுல மரம் வரல போல. தம்பி, இங்க பாருங்க. மெஷின் விசயமாப் பேசிராதீங்க. கட்டில் ஒண்ணு செஞ்சு தருவீங்களான்னு கேக்க வந்தேன்னு சொல்லுங்க. உங்க அம்மாவுக்கு முழங்கால் வலின்னு சொல்லுங்க. டீச்சர் சொல்லி அனுப்புனாங்கன்னு சொன்னா நம்பிருவாரு. கேட்டைத் தொறக்கறாரு பாருங்க. சொல்லிருவீங்கல்ல?

என்னங்க தம்பி, தலையைக் குனிஞ்சுக்கிட்டீங்க. வாசல்ல நின்ன பவுலோஸாட்டம்.

சரி. வேண்டாம். நீங்க ஒண்ணுஞ் சொல்ல வேண்டாம். அப்படியே உக்காந்திருங்க.

ஏனுங்க, வண்டியை நிறுத்திட்டு இங்க வாங்க. இவரு சோமனூர்லிருந்து வந்திருக்காரு. இல்ல, கட்டிலுக்கு இல்ல. நாந்தான் வரச் சொன்னேன். உங்க மெஷினைப் படம் புடிச்சு போன்ல போட்டேன், விக்கறதுக்கு. ஆமா, பெருசைத்தான். ஆமா, உங்களைக் கேக்கல. இந்தத் தடவையும் கேக்கல.

எனக்குப் பயமா இருக்குதுங்க. உங்க கையைப் பாத்துப் பாத்துப் பயமா இருக்குது. ராத்திரி கண்ணை மூடுனா அந்தக் கைதான் வருது. அன்னிக்கு நீங்க மூணு தடவை கூப்பிட்டதும் வருது.

இல்ல, இவரு மேல கோவிச்சுக்காதீங்க, இவருக்கு ஒண்ணும் தெரியாது. என்னங்க? காரணத்தைச் சொல்லோணுமா? சரி. சரிங்க. உக்காருங்க, சொல்றேன். எல்லாத்தையும் சொல்றேன்.

தம்பி, அவரு உங்களை ஒரு காபி குடிச்சுட்டுப் போகச் சொல்றாரு. மெஷின் விக்கறதுக்கில்ல.